மாடு பருவத்துக்கு வந்த நாள் யாருக்குத் தெரியும்?

"நாலு ஊசி போட்டாச்சுங்க, சினை நிக்கல."

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி வட்டாரப் பால் சங்கங்களில், கேனைக் கீழே வைத்த கையோடு யாராவது ஒருவர் இதைச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஒருவர் ஊசி போட்டவரைக் குறை சொல்வார். இன்னொருவர், "இப்ப வர்ற ஊசியே சரியில்ல" என்பார். மூன்றாமவர் மாட்டின் சுழி பற்றிப் பேச ஆரம்பிப்பார். கடைசியில், "வித்துட்டு வேற புடிங்க" என்பதில் வந்து நிற்கும். அப்படி விற்ற மாட்டைத் தரகர் எந்தப் பக்கம் ஓட்டிப் போவார் என்பது விற்றவருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஊசி, ஊசி போட்டவர், மாடு என்று மூவரையும் விசாரித்தாயிற்று. மாடு கட்டிக் கிடக்கும் கொட்டகையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அதே மாட்டுக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கன்று போட்டு எத்தனை நாள்? "அறுவடை சமயத்துல போட்டுச்சு." கடைசியாகப் பருவத்துக்கு வந்தது என்றைக்கு? "போன வாரத்துக்கு முந்துன வாரம் இருக்கும்." மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணின் பேரில் அரசின் கணினியில் ஏறுகின்றன. மாடு இருக்கும் வீட்டில்தான் ஒரு தேதியும் இல்லை.

நாட்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் 365-ல் 280 போக மிச்சம் 85 நாள். கன்று போட்ட பசுவின் கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரச் சுமார் 60 நாள் விட வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. அதையும் கழித்தால் கையில் இருப்பது 25 நாள். பசு பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒருமுறை. ஆக, வருடத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கில் நமக்குக் கிடைப்பது ஒரேயொரு பருவம். அதைத் தவறவிட்டால் பதின்மூன்று மாதத்தை நெருங்கும். இன்னொன்றையும் விட்டால் பதின்மூன்றைத் தாண்டும். நம் ஊரில் ஒன்றரை வருடத்துக்கு ஒரு கன்று என்பது சர்வசாதாரணமாகிவிட்டது. அதை இயற்கை என்றே நாமும் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ரூபாயில் பார்த்தால் இன்னும் உறைக்கும். ஆவினுக்கு ஊற்றும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2023 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதற்கு எத்தனை போராட்டம், எத்தனை மனு! வேண்டியதுதான், பால் ஊற்றுபவருக்கு அது நியாயமான காசு. நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் பசு 300 நாள் கறந்தால் அந்த ஊக்கத்தொகை 7,200 ரூபாய் வரும். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். சினை பிடிக்காமல் கழியும் ஒரு நாளுக்குத் தீவனச் செலவு 150 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். ஒரு பருவம் தவறினால் 3,150 ரூபாய். மூன்று பருவம் தவறினால் 9,450. போராடி வாங்கிய ஊக்கத்தொகையைத் தின்றுவிட்டு, மேற்கொண்டு இரண்டாயிரத்தையும் அந்த நாட்கள் தின்கின்றன. இதற்காக யாரும் சாலையில் பாலைக் கொட்டவில்லை.

பருவம் எப்படித் தவறுகிறது என்பதைக் கொட்டகைக்குள் நின்று பார்த்தால்தான் புரியும். கலப்பின ஜெர்சி ஒன்று இரவு பத்து மணிக்குப் பருவத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பெரும்பாலும் இரவில்தான் அடையாளங்கள் தெரியும். பகல் வெப்பத்தில் மாட்டுக்கு அதற்கெல்லாம் தெம்பு இருப்பதில்லை. அவிழ்த்துவிட்ட மாடாக இருந்தால் இன்னொரு மாட்டின் மேல் தாவும், தன்மேல் தாவும் மாட்டுக்கு அசையாமல் நின்று கொடுக்கும். கழுத்துக் கயிற்றில் கட்டிய ஒற்றை மாடு என்ன செய்யும்? கத்தும். சிலது கத்தவும் கத்தாது. இதை ஊமைப் பருவம் என்பார்கள். எருமையில் இது இன்னும் அதிகம். அப்படிப்பட்ட மாடு தீனியைத் தின்னாமல் நிற்கும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தால் வாலோரம் கண்ணாடிக் கம்பி போலத் தெளிந்த கோழை தரைவரை தொங்கும். காலையில் பார்த்தால் அது தொடையில் காய்ந்து, ஈ மொய்த்து, சாணத்தோடு சாணமாகிவிட்டிருக்கும்.

காலை ஐந்தரைக்குப் பால் பீய்ச்ச உட்காரும் பெண்மணிக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். மடி இறங்கவில்லை, வழக்கமான அளவில் அரை லிட்டர் குறைகிறது. "ஏங்க, இது பருவத்துக்கு வந்திருக்கும் போல" என்கிறார். கணவர் ஜெயங்கொண்டம் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்கிறார். மாலையில் போன் போகிறது. ஊசி போடுபவர் ஆண்டிமடம் பக்கம் எங்கோ இருக்கிறார், மறுநாள் காலை வருகிறார். பருவம் நீடிப்பது 12-லிருந்து 18 மணி நேரம். அது அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் சினைமுட்டை வெளியாகும். வெளியான முட்டை காத்திருப்பது சில மணி நேரம்தான். விந்தணுவுக்கும் உள்ளே போய்த் தயாராக ஆறேழு மணி நேரம் வேண்டும். அதனால்தான் காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்று விதி வைத்தார்கள். நம் கதையில் ஊசி விழுவது 34 மணி நேரம் கழித்து. அதைப் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

இங்கே ஒரு சின்னச் செய்தி சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியவில்லை. பருவம் முடிந்து இரண்டொரு நாளில் சில பசுக்களுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, வாலில் ரத்தக் கறை தெரியும். பார்த்ததும், "கலைஞ்சிருச்சு" என்று தலையில் கைவைத்து உட்காருபவர்கள் உண்டு. கலையவும் இல்லை, ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. பருவம் வந்து போனதற்கு மாடு எழுதிவைத்த குறிப்பு அது. ஊசி போடவில்லை என்றால் அந்த ரத்தம் கண்ட நாளிலிருந்து பதினெட்டு, பத்தொன்பதாம் நாள் மாட்டைக் கண்கொத்திப் பாம்பாகப் பாருங்கள் என்று அர்த்தம். ஊமைப் பருவ மாட்டைப் பிடிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

சரி, நேரத்துக்குப் பார்த்தும் சினை நிற்காத மாடுகள்? அங்கேதான் கழனித் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். மீன்சுருட்டி ஒரு விசித்திரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே அணைக்கரையும் கொள்ளிடமும், அந்தப் பக்கம் நெல். வடக்கிலும் மேற்கிலும் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். நெல் இருக்கும் பக்கம் மாட்டுக்கு வைக்கோல் மட்டும். தோப்பு இருக்கும் பக்கம் காய்ந்த புல்லும், அதுவும் இல்லாதபோது வெளியிலிருந்து வாங்கிய வைக்கோலும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். அதில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு இருந்தால் அதிகம். பாஸ்பரஸ் சொற்பம். இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் அதிலுள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். அரியலூர் மண்ணுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி ஊரெல்லாம் சிமென்ட் கட்டிடம் எழுப்புகிறோம். மேலே நிற்கும் மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லை.

கன்று போட்ட பசுவின் உடம்பில் நடப்பது இன்னும் கொடுமை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். தீனி எடுக்கும் அளவோ பத்து வாரத்துக்கு மேல்தான் உச்சத்தைத் தொடும். இடைப்பட்ட காலத்தில் அது தன் சதையைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கும்போது உடம்பு முதலில் நிறுத்திவைக்கும் வேலை இனப்பெருக்கம். சினைப்பை பேசாமல் படுத்துவிடும். இந்த நேரத்தில் ஊசிக்கு ஆள் தேடுவதில் பயனில்லை; தீனிக்குத்தான் வழி தேட வேண்டும். "நல்லாத்தான் வைக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு கல்யாண வீட்டுச் சோற்றையும் கஞ்சியையும் ஒரேயடியாகக் கொட்டுவது வேறு ரகத் தவறு. மாட்டின் வயிறு புளித்துப்போய், இருந்த பசியும் போய்விடும். கடலைப் புண்ணாக்கைக் கணக்கில்லாமல் வைத்தாலும் ரத்தத்தில் யூரியா ஏறிக் கரு தங்காது. பாசம் அதிகமான கொட்டகையிலும் சினை நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

பெரிதாக எதுவும் வேண்டாம். நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை. கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 150 ரூபாய். சினை பிடிக்காமல் போகும் ஒரே ஒரு நாளின் தீவனச் செலவு அது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டு மாடுகளுக்கென்றே கலவை தயாரித்துத் தருகிறது. கூடவே கிணற்றடியில் நாலு சால் கோ-4 புல், வேலியோரம் வேலிமசாலோ அகத்தியோ. முந்திரித் தோப்புக்காரர்கள் வரப்போரத்தில் இதைச் செய்ய முடியாதா? முடியும். தோப்புக்குள் வேற்று மாடு வந்துவிடும் என்று பயந்து வேலி போடுபவர்கள்தானே. அந்த வேலி பசுந்தீவனமாக இருக்கட்டும்.

வெயிலை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அரியலூர் என்று பேர் சொல்ல முடியாது. ஒரு சினைமுட்டை வளர்ந்து முதிர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கிறது. அதனால் சித்திரை, வைகாசி வெயிலில் அடிபட்ட முட்டை ஆடி, ஆவணியில்தான் தன் குறையைக் காட்டும். மழை வந்து காற்று குளிர்ந்து, "இப்பவாவது புடிக்கும்னு பாத்தா இப்பவும் நிக்கலயே" என்று ஆவணியில் புலம்புகிறோம். கணக்கு அக்னி நட்சத்திரத்தில் எழுதப்பட்டது. கைக்கு எட்டும் உயரத்தில் தகரக் கூரை போட்டு அதன்கீழ் கலப்பின மாட்டைக் கட்டுவது அடுப்பில் கட்டுவதற்குச் சமம். கூரையின் மேல் தென்னங்கீற்றாவது பரப்பலாம். பகலில் வேப்பமரத்தடியில் கட்டி, தீனியை விடியற்காலையிலும் இரவிலும் வைக்கலாம். வெயில் நாளில் கறவை மாடு 60 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று காட்டிவிட்டு, தண்ணி காட்டியாச்சு என்று சொல்லிக்கொள்வது நம் பழக்கம்.

பிரசவத்தன்று நடப்பதைச் சொல்லாமல் போனால் தப்பு. கன்று போட்டு 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றால், கையை விட்டு இழுப்பதும் கொடியில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் இன்றும் நடக்கிறது. அன்றைக்குக் கருப்பையில் ஏறும் கிருமிதான் ஆறு மாதம் கழித்து நாலு ஊசிக்கும் பிடி கொடுக்காத மாடாக நிற்கிறது. பருவக் கோழை தெளிவாக இல்லாமல் வெள்ளையாகவோ சீழ் கலந்தோ வந்தால், அதற்குச் சினை ஊசி போடக் கூடாது. வைத்தியம் பார்க்க வேண்டும். சினையின் கடைசி மூன்று மாதத்தில் கன்று வீசினால் புரூசெல்லா கிருமியால் வரும் கருச்சிதைவு நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் அள்ளிக் குப்பைக்குழியில் போடாதீர்கள். உறை போட்ட கையோடு ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்கு இதற்கான தடுப்பூசி ஒரே தடவைதான். மத்திய அரசின் நோய்த் தடுப்புத் திட்டத்தில் 2019 முதல் இது இலவசமாகவே போடப்படுகிறது. கிடேரி என்றதும் இன்னொன்று: முதல் ஊசிக்கு வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். கலப்பினக் கிடேரி 250 கிலோவைத் தொட வேண்டும். பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டுக் கன்றுக்குக் காம்பை மட்டும் காட்டினால் அந்த எடை மூன்று வயதிலும் வராது.

நான் கொட்டகையை மட்டும் குற்றவாளியாக்குவதாக மாட்டுக்காரர்கள் கோபப்படலாம். நியாயம்தான். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள். எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்துத்தான் போட வேண்டும். வாசலில் பைக்கை நிறுத்தி, கையால் தேய்த்துச் சூடாக்கிப் போட்டுவிட்டுக் கிளம்புபவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஊசி போட வருபவரிடம் ஒரு சொம்பு வெந்நீரும் வெப்பமானியும் கேளுங்கள். சங்கடப்படுகிறவரைவிட, தானாகவே எடுத்து வைக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

அரசுத் தரப்பின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நாடு தழுவிய செயற்கைக் கருவூட்டல் திட்டம் தொடங்கி, வீட்டு வாசலிலேயே இலவச ஊசி என்றார்கள். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2011 செப்டம்பரில், ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவை மாடு கொடுத்தது தமிழ்நாடு. ஆண்டுக்கு 12,000 மாடு என்பது திட்டம். மாடு கொடுத்தார்கள், ஊசி கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 85 நாளை யார் கையில் கொடுத்தார்கள்? மாடு பெண் பேரில் வந்தது, பயிற்சி முகாமுக்கு வேட்டி கட்டியவர் போய் டீ குடித்துவிட்டு வந்தார். மடி இறங்காததை முதலில் அறிகிற கைக்கு, அது எதன் அடையாளம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்தச் சோழநாட்டில் மாட்டைக் கணக்கு வைத்த விதம் நினைவுக்கு வருகிறது. மீன்சுருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன், தஞ்சைப் பெரிய கோயிலில் எரியும் ஒவ்வொரு நுந்தா விளக்குக்கும் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று விட்டுவைத்தார். மேய்ப்பவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகள் இப்படி விட்ட மந்தையைச் சாவா மூவா என்று குறிக்கின்றன. சாகாத, கிழமாகாத மாடு உலகில் இல்லை என்பது ராஜராஜனுக்குத் தெரியாதா? கிழடு தட்டிய மாட்டின் இடத்தில் ஒரு கிடேரி நிற்க வேண்டும், எண்ணிக்கை குறையக் கூடாது என்பதே பொருள். தனி மாட்டின் பாலை நம்பி அவர்கள் விளக்கேற்றவில்லை. மந்தை கன்று போட்டுக்கொண்டே இருக்கும் என்ற நிச்சயத்தை நம்பி, அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் பால் சங்கத்தில் லிட்டரும் கொழுப்பும் தினம் இருவேளை அட்டையில் ஏறுகின்றன. ஈத்துக்கும் ஈத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்பது எந்த அட்டையிலும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. சங்க அட்டையின் பின்பக்கத்தில் நாலு கட்டம் அச்சடியுங்கள்: கன்று போட்ட நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், சினை பார்த்த நாள். தாது உப்பைச் சங்கத்திலேயே கொடுத்துப் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அறுபதாம் நாளிலிருந்து தொண்ணூறாம் நாளுக்குள் கையை உள்ளே விட்டுச் சினை பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். நாலு மாதம் சினை என்று நம்பி வைத்திருந்து ஐந்தாம் மாதம் மாடு கத்துகிற கொடுமை இல்லாமல் போகும். ஜெயங்கொண்டம் அருகே சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. பயிற்சிக்குப் பால் பீய்ச்சுகிற கையை அழைக்கட்டும், காலைக் கறவை முடிந்து பதினோரு மணிக்கு. கால்நடைத் துறையின் ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை ஊசி போட்டீர்கள் என்று கேட்பவர்கள், உங்கள் எல்லையில் சராசரியாக எத்தனை மாதத்துக்கு ஒரு கன்று என்று கேட்கத் தொடங்கட்டும். விடை சொல்லத் தெரியாமல் முதல் கூட்டத்தில் எல்லோரும் முழிப்பார்கள். முழிக்கட்டும்.

முள்ளங்கி, கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுக்கும் மூலிகை முறை ஒன்றும் உண்டு. தஞ்சையில் இருந்து ஆய்வு செய்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பியது, தேசிய பால்வள வாரியமும் எடுத்துச் சொல்வது. செலவில்லாதது, செய்து பாருங்கள். ஆனால் அதையும் பருவம் வந்த நாளை வைத்துத்தான் தொடங்க வேண்டும். எங்கே சுற்றினாலும் அந்தத் தேதியில்தான் வந்து முட்டுகிறோம்.

வீட்டில் தினம் தாள் கிழிக்கும் காலண்டரில் குறித்து வைக்கிறவர்கள் சிலர் உண்டு. மறுநாள் காலை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம், தேதியும் அதோடு போய்விடுகிறது. மாதக் காலண்டர் ஒன்றைக் கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டுங்கள். இன்று இரவு சாப்பிட்ட பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தால், கன்று போட்டு இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எழுதிவிட்டு வந்து படுங்கள்.